புழுதி தெரிகிறது, வாயு தெரிகிறதா?



துணி காயப்போடுவதற்கு முன்னால் கொடிக்கயிற்றை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? அரியலூர், பெரம்பலூர் பக்கத்து வாசகிகளிடம் இதைக் கேட்டால், "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்பார்கள். துடைக்காமல் போட்டால் வெள்ளை வேட்டியின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். வெளுத்த துணியை மறுபடியும் வாளியில் போட வேண்டியதுதான். வற்றல் காயவைத்தால் மேலே ஒரு மெல்லிய துணி போர்த்த வேண்டும். டிப்பர் லாரி போகும் சாலையோரம் வீடு என்றால் தெருப்பக்க ஜன்னலைத் திறப்பதையே மறந்துவிட வேண்டும்.

புழுதியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் பார்க்கிறது, கை துடைக்கிறது, வாய் திட்டுகிறது. சாலை மறியல் வரைக்கும் போயிருக்கிறோம்.

ஆனால், அதே லாரியிலிருந்தும் சிமென்ட் ஆலைகளின் உலையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் வரும் வாயுவைப் பற்றி என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நம் மண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது கடல். பெரம்பலூர் மாவட்டம் காரையில் வறண்ட ஓடைகளுக்குள் இறங்கி நடந்தால் காலடியில் கிடப்பவை பழங்காலக் கடல் உயிரினங்களின் எச்சங்கள். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். அதைத் தேடித்தான் சிமென்ட் ஆலைகள் வந்தன. அரசின் டான்செம் ஆலை 1979-ல் வந்தது. பிறகு ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று வரிசையாகப் பல. நம் வாசகர் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. லாரி ஓட்டுகிறவர், வாசலில் டீக்கடை வைத்திருப்பவர், ஆலை வேலையை நம்பிப் பிள்ளையை டிப்ளமோ படிக்கவைத்தவர் என எல்லாருமே நம் ஆட்கள். ஆலையை மூடு என்று எழுத நான் உட்காரவில்லை. அளந்து சொல்லுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

என்ன வாயு அது? நைட்ரஜன் டை ஆக்ஸைடு. நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். அது பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வரும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் கடும் சூட்டில் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிடும். சிமென்ட் உலையில் கல் 1,450 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும், அதை வேகவைக்கும் தீ அதைவிடச் சூடு. அந்தத் தீயில்தான் நைட்ரிக் ஆக்ஸைடு பிறக்கிறது. டிப்பர் லாரியின் டீசல் இன்ஜினுக்குள்ளும் சின்ன அளவில் நடப்பது இதுதான். வெளிக்காற்றில் கலந்ததும் அது மெல்ல நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறுகிறது.

இந்த வாயுவை நேரில் பார்த்தவர்கள் பெரம்பலூர் பக்கம் இருக்கலாம். குவாரியில் வெடி வைத்த பிறகு சில சமயம் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு புகை எழும்பும். வெடிமருந்து ஈரமாக இருந்தாலோ, கலவை சரியில்லாமல் போனாலோ அப்படி வரும். அந்த நிறம் நைட்ரஜன் டை ஆக்ஸைடின் நிறம். வெடி பார்க்க ஓடும் பிள்ளைகளைத் தயவுசெய்து பிடித்து நிறுத்துங்கள். அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தவருக்கு அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம்.

ஊரில் தினசரி இருக்கும் அளவு அந்தளவுக்குக் கிடையாது. நிறமாகவும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆனால் மூச்சுக்குழாயைப் புண்படுத்தும். வீசிங் இருக்கும் பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வரும். சளி பிடித்தால் சீக்கிரத்தில் விடாது. "போன மாசம்தான் நெபுலைசர் வெச்சோம், இப்ப மறுபடியும்" என்று சொல்லும் அம்மாக்கள் எந்த ஊரில் இல்லை? அத்தனைக்கும் இந்த வாயுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தளவுக்கு இதன் பங்கு என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும், இல்லையா?

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? இங்கேதான் அறிவியல் ஒரு அழகான வேலை செய்திருக்கிறது. ராத்திரி தோட்டத்தில் மின்மினி மின்னுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே தீயும் கிடையாது, சூடும் கிடையாது. இரண்டு பொருள்கள் வேதிவினையில் சேரும்போது மிஞ்சுகிற சக்தி ஒளியாக வெளியேறுகிறது. நைட்ரிக் ஆக்ஸைடையும் ஓசோனையும் சேர்த்துவைத்தாலும் இப்படி ஒளி வரும். கெமிலுமினசென்ஸ் என்பார்கள். 1970-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை வைத்தே காற்றிலிருக்கும் வாயுவை அளக்கலாம் என்று எழுதினார்கள். 1976-ல் அந்த நாட்டு அரசு அதையே அதிகாரபூர்வ முறையாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் வைத்திருந்த ரசாயனக் கரைசல் முறையில் பிழை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்த மாற்றம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அளக்கும் முறையே தவறாக இருந்தால் அதை வைத்துப் போடுகிற சட்டம் எப்படிச் சரியாக இருக்கும்?

கருவிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஏசி போட்ட ஒரு சின்ன அறை. கூரைக்கு மேலே ஒரு குழாய் நீட்டிக்கொண்டு வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. உள்ளே போன காற்று, வெளிச்சம் புகாத ஒரு சிற்றறையில் ஓசோனைச் சந்திக்கிறது. அதில் நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஒளி. அந்த ஒளி பெரும்பாலும் அகச்சிவப்பு, நம் கண்ணுக்குப் படாது. ஒளியை உணர்ந்து பல மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு குழல் அதை எண்ணிச் சொல்கிறது.

ஆனால் நமக்கு வேண்டியது நைட்ரஜன் டை ஆக்ஸைடு. அது ஓசோனோடு இப்படி ஒளி தராது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதே காற்றை இன்னொரு தடவை எடுத்து, 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிய மாலிப்டினம் என்ற உலோகத்தின் மேல் செலுத்துகிறார்கள். அங்கே நைட்ரஜன் டை ஆக்ஸைடு நைட்ரிக் ஆக்ஸைடாக மாறிவிடும். இப்போது வரும் ஒளி இரண்டு வாயுவையும் சேர்த்த மொத்தக் கணக்கு. மொத்தத்திலிருந்து முதல் தடவை கிடைத்ததைக் கழித்தால் நமக்கு வேண்டிய எண் வந்துவிடும். அவ்வளவுதான். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தால்கூடச் சொல்லிவிடும் அளவுக்குக் கூர்மையான கருவி இது.

குறையே இல்லையா? இருக்கிறது. அந்தச் சூடான உலோகம் நைட்ரிக் அமிலம் போன்ற வேறு சில நைட்ரஜன் சேர்மங்களையும் மாற்றிவிடும். அதனால் வெயில் ஏறிய மத்தியானத்தில், போக்குவரத்து குறைந்த கிராமப்புறத்தில், உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அளவு தெரிந்த வாயுவை சிலிண்டரிலிருந்து செலுத்திக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை போடுவது மாதிரிதான் இது. முத்திரை இல்லாத தராசில் கத்திரிக்காய்கூட வாங்கமாட்டோம். காற்றை மட்டும் எப்படி நம்பி வாங்கிக்கொள்வது?

நம் நாட்டில் என்ன நிலைமை? 2009 நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகள்தான் இன்றைக்கும் சட்டம். நைட்ரஜன் டை ஆக்ஸைடு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 24 மணி நேர சராசரி 80. உலக சுகாதார நிறுவனமும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 40 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. 2021-ல் அதை 10 ஆகக் குறைத்துவிட்டது. 24 மணி நேரத்துக்கு 25. ஆக, "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த அளவுக்குள் என்று ஒரு கேள்வி கேட்கலாம். தப்பே இல்லை.

அளக்க அந்த அறிவிப்பு இரண்டு முறைகளை ஒப்புக்கொள்கிறது. ஒன்று, காற்றைக் கண்ணாடிக் குழாயிலுள்ள கரைசலுக்குள் குமிழி குமிழியாக விட்டு, பிறகு லேபில் நிறம் வரவைத்துப் பார்க்கும் கைமுறை. இன்னொன்று, நாம் மேலே பார்த்த ஒளி முறை. தேசியத் திட்டத்தின் கீழ் கைமுறையில் அளக்கும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அளப்பார்கள். வருஷத்துக்கு 104 நாள். மிச்ச 261 நாளும் நாம் மூச்சு விடாமலா இருக்கிறோம்?

அளக்கும் நாள்களிலும் கிடைப்பது நான்கு மணி நேரத்துக்கு ஒரு சராசரி. இது ஏன் முக்கியம் என்று கேட்கிறீர்களா? மார்கழி விடியலை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். மேலே எழும்ப முடியாமல் புகை வாயுவெல்லாம் ஆள் உயரத்திலேயே தங்கிவிடும். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் குனிந்து பெரிய கோலமாகப் போடுவது அந்த நேரத்தில்தான். தாத்தா வாக்கிங் போவதும், பிள்ளைகள் டியூஷனுக்கு சைக்கிள் மிதிப்பதும் அப்போதுதான். உலை ராத்திரி பகல் பார்ப்பதில்லை, லாரியும் அப்படித்தான். மணிக்கு மணி எண் சொல்லும் கருவி இருந்தால் எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது படமாகவே தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்புவதா வேண்டாமா என்று நாமே முடிவெடுக்கலாம்.

நல்ல செய்தி, அப்படி ஒரு நிலையம் நம் பகுதியிலேயே இருக்கிறது. அரியலூர் – தஞ்சாவூர் சாலையில் பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊரான கீழப்பழுவூரில், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம். அது தரும் எண்களை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'சமீர்' என்ற ஆப்பில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். காசு கிடையாது, அனுமதி தேவையில்லை.

பார்க்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். காற்றுத்தரக் குறியீடு என்று பெரிதாக ஒரே ஓர் எண் வரும். 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை, 200 வரை நடுத்தரம் என்று போகும். அந்த எண், அளக்கப்படும் மாசுகளில் எது மோசமோ அதற்கு மட்டுமான எண். எல்லாவற்றையும் கூட்டி எடுத்த சராசரி கிடையாது. நம்மைப் போன்ற புழுதி ஊர்களில் அந்த இடத்தைத் துகள்மாசு பிடித்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். வாயு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியாகக் காட்டும் பகுதிக்குப் போய் NO2 (நைட்ரஜன் டை ஆக்ஸைடு) என்பதன் எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு நாள் எண்ணைப் பார்த்து நிம்மதியும் அடைய வேண்டாம். ஒரு மாதம் பாருங்கள்.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் 'ஏர் மானிட்டர்' வாங்கலாமா என்று சிலர் நினைக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தூசித் துகளைத்தான் காட்டும், இந்த வாயுவை அளக்காது. அந்தப் பணத்துக்குச் சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம் என்பது என் கருத்து.

ஏன் சமையலறை? கேஸ் அடுப்பின் நீலத் தீயும் கொஞ்சம் நைட்ரஜன் டை ஆக்ஸைடு தரும். ஜன்னலை அடைத்துவிட்டு இரண்டு பர்னரையும் எரியவிட்டால் அந்தச் சின்ன அறையில் அது சேரும். தெருப்புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம், உள்ளே அடுப்பு வாயுவைச் சேர்த்துவைக்கிறோம். தெருப்பக்கம் மூடியிருக்கட்டும், கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துவைத்துச் சமையுங்கள். வீசிங் உள்ள பிள்ளை அடுப்பங்கரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டாம்.

விவசாயக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாயு வெயிலில் மற்ற ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். வானத்து உச்சியில் நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன், தரையில் இலைக்குப் பகை. பருத்திக்கு அது ஒத்துக்கொள்ளாது. இலையில் படிந்த சிமென்ட் தூசியைக் காட்டி நஷ்டஈடு கேட்கும் விவசாயிக்கு, கண்ணுக்குத் தெரியாத இந்த நஷ்டத்தைக் காட்ட எந்த ஆதாரமும் கையில் இருக்காது. அளவீடு ஒன்றுதான் அவருக்கு ஆதாரம்.

சரி, கீழப்பழுவூரில் ஒரு நிலையம் இருந்தால் போதுமா? அங்கே இருக்கும் கருவி சுற்றியுள்ள சில கிலோமீட்டர் காற்றுக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். பெரம்பலூர் நான்கு ரோட்டில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் என்ன சுவாசிக்கிறாள் என்று அதற்குத் தெரியாது. தளவாய்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி வாசலில் என்ன நிலைமை என்றும் தெரியாது. இரண்டு மாவட்டங்களிலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் இன்னும் நிலையங்கள் வேண்டும். சுரங்கங்களிடமிருந்து மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு வரும் பணம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகச் செலவழிக்க வேண்டிய பணம். சுற்றுச்சூழலும் அதில் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு இதற்கு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

புகைபோக்கிக்கும் வரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு தொடங்கிய சிமென்ட் உலைகள் ஒரு கன மீட்டர் புகையில் 600 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை விடக் கூடாது. பழைய உலைகளுக்கு அமைப்பைப் பொறுத்து 800 அல்லது 1,000. உலைப்புகையில் அம்மோனியா தெளித்து இதைக் குறைக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. செலவாகும், ஆனால் முடியாத காரியம் இல்லை.

இதில் நம் பங்கு என்ன? புதிதாக ஒரு பெரிய சுரங்கம் வருகிறது, ஆலையை விரிவாக்குகிறார்கள் என்றால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்பாக அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் அதைப் பார்க்கலாம். அந்த அறிக்கையில் காற்று பற்றிய அட்டவணை ஒன்று இருக்கும். எந்த மூன்று மாதத்தில் அளந்தார்கள், எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் குறித்துக்கொண்டு போங்கள். காற்று சுத்தமாக இருக்கும் மழைக்காலத்தில் மட்டும் அளந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசுவது பதிவாகும். "புழுதி தாங்க முடியல" என்று மட்டும் சொல்வதைவிட இப்படிக் கேட்டால், திட்டத்தைக் கொண்டுவருகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

கிராம சபையும் இருக்கிறது. குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறோம். தண்ணீர், ரோடு, தெருவிளக்கு எல்லாம் பேசுகிறோம். எங்கள் ஊராட்சியில் காற்றை அளக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட அரைமணி நேரம்கூட ஆகாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை தருகிறேன், செய்வீர்களா? பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, காற்று மாசு அளவுகளை ஆலையின் பிரதான வாசலருகே பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பலகையில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். வேலைக்குப் போகும்போதோ, பஸ்ஸில் கடக்கும்போதோ, உங்கள் ஊர் ஆலை வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற வரி இருக்கிறதா? எதிரே என்ன எண்? எந்தத் தேதி, எத்தனை மணி? குறித்து எங்களுக்கு எழுதுங்கள். பலகை எரியாமல் கிடந்தால் அதையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர் போட்டு, உங்கள் பெயர் போடாமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்